பவளத்தின் பக்கத்து சீற்

சோபாவின் வலது மூலையில் ரமா. அவருடைய காலடியில், கம்பளத்தில் தாரகன். ஹீற்றருக்கு முதுகைக் கொடுத்தபடி ஆனந்தராசா அண்ணை. கதவோரக் கதிரையில் பேர்பெச்சுவா. கடைசி ட்ராம் போய்விட்டது. லைற்றை அணைத்துவிட்டு, தன் சிநேகிதி தர்மிகாவின் தாய்க்கு நடந்ததைப் பேர்பெச்சுவா சொல்லத் தொடங்கினாள். தாயே தன்னிடம் சொன்னதாம்.

நவம்பர்... பின்னேரம் நாலு மணி. ஜெர்மனியில் மோசல் ஆற்றோரம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றை ரோடு. அறுவடை முடிந்து கொடியெல்லாம் மொட்டை. ஆளில்லை, காகம்கூட இல்லை. ஒரு சுற்றுலா பஸ் மட்டும்.

அதில் தர்மிகாவின் தாய் பவளம். புருசன் செத்த பிறகு டுசல்டோர்ஃப் வீட்டில் தனிய. ஹனோவரில் இருக்கும் மகளிடம் ஞாயிறுதோறும் போனில் ஒன்றையே கேட்பார்.

"பிள்ளை, நான் உன்னோட வந்து இருக்கட்டே?"

"பாப்பம் அம்மா."

இந்தப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்ததும் மகள்தான். ஆட்களோடு பழகட்டுமாம். பஸ்ஸில் எல்லோரும் சோடி சோடியாக ஜெர்மன்காரர். பவளத்தின் பக்கத்து சீற்றில் அவருடைய கைப்பை.

காலையில் ஒரு கோட்டை பார்த்தாயிற்று. இப்போது ஒரு பழைய கிறிஸ்தவ மடம். வைன் ருசிக்கவென்று வழிகாட்டி எல்லோரையும் நிலவறைக்குள் இறக்கினார். பவளம் குடிப்பதில்லை. கூரை இடிந்த தேவாலயத்துக்குள் போய், ஒரு நீள மரவாங்கில் உட்கார்ந்து, வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த றோல்ஸ் பொதியை அவிழ்த்தார்.

வாங்கின் மற்ற நுனியில் ஒரு வயதான மனுசி... வந்த சத்தமே இல்லை. அந்தக் குளிருக்குக் கோட்டு இல்லை. வெறுங்கால். பிழிந்த திராட்சைச் சக்கையின் புளித்த மணம்.

பார்க்க வைத்துக்கொண்டு தின்னப் பவளத்துக்கு மனம் வரவில்லை. ஒரு றோல்ஸை நீட்டினார். வாங்கிய விரல் பட்டது... கிணற்றுக் கல்லைத் தொட்டதுபோல. மனுசி தின்னவில்லை. மணந்து பார்த்தாள். மணந்துகொண்டே இருந்தாள்.

"தனியவோ இருக்கிறியள்?" என்றார் பவளம். "நானும் அப்பிடித்தான். என்னோட வாங்கோவன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது, சொன்னது தமிழில். ஆனால் மனுசி தலையாட்டினாள்.

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. பவளம் பொதியைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது வாங்கில் ஒருவரும் இல்லை.

"அப்ப பேய்க்கும் டிக்கெட் எடுத்ததோ?" என்றார் ஆனந்தராசா.

"சும்மா இருங்கோ அண்ணை," என்ற ரமா, கால்களைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டார்.

பஸ் புறப்பட்டது. இருட்டிவிட்டது. வழிகாட்டி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, பவளத்தின் அருகில் நின்றார்.

"உங்கட சிநேகிதியையும் பெல்ட் போடச் சொல்லுங்கோ."

பவளம் திரும்பினார். கைப்பை காலடியில் கிடந்தது. சீற்றில் ஒருவரும் இல்லை. பெல்ட் மட்டும் மெல்ல இழுபட்டது...

கிளிக்.

வீடு வரும்வரை பவளம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வாசற்கதவைத் திறந்தவர் தான் உள்ளே போன பிறகும் உடனே சாத்தவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மகளுக்குப் போன் எடுப்பதில்லை. தர்மிகா பயந்துபோய் மெசேஜ் போட்டாள். "அம்மா, உங்களுக்கு அறை ஒதுக்கியாச்சு. சனிக்கிழமை காரோட வாறன்."

எத்தனை வருசம் காத்திருந்த சொல். பவளம் திரும்பத் திரும்ப வாசித்தார். கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுத்து, சேலைகளை மடித்து அடுக்கினார். அப்போது முன்னறையில் கதிரையை யாரோ அரக்கி இழுக்கிற சத்தம்... பிறகு அமைதி.

பவளம் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்தார்.

போனில் சொன்னால் அழுகை வந்துவிடும். கடிதம் எழுத உட்கார்ந்தார். மேலே தேதி, கீழே கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக.

"பிள்ளை, நான் வரேல்லை. இவவைத் தனிய விட்டிட்டு வர ஏலாது. நான்தானே கூப்பிட்டனான்."

மடித்து உறைக்குள் வைத்தார். ஒட்டுவதற்காக நாக்கருகே கொண்டுபோனார்.

பசை ஏற்கெனவே நனைந்திருந்தது, அதே புளித்த மணத்தோடு.

பவளம் அழுத்தி ஒட்டினார். கோட்டைப் போட்டுக்கொண்டு போய், தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டார்.