ஒளித்து வைத்த உப்பு

எழுபதுகளில் ஒரு மாலை, சிட்னியில் பரமட்டா போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்தவர் இருந்தார்கள். மூத்தவர் சொன்னார்: "என்ரை மனுசி உப்பை அள்ளித் தின்னுறாள் எண்டு நான் உப்புப் போத்தலை ஒளிச்சு வைச்சனான்."

"ஏன் அண்ணை?"

"பிரஷர் வந்திடும் எண்ட பயம். மெலிஞ்சாள், களைச்சு விழுந்தாள், கறுத்தும் போனாள். சிட்னி வெயிலாக்கும் எண்டு விட்டிட்டன்."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"உள்ளங்கையை விரிச்சுப் பாத்தார். ரேகையெல்லாம் கறுப்பு. ரத்தமும் சோதிச்சுப் போட்டு, கிட்னிக்கு மேல இருக்கிற சுரப்பி வேலை செய்யேல்லை, அதால உடம்பில உப்புத் தங்கேல்லை எண்டார். அந்த உப்புத்தான் அவளை அவ்வளவு நாளும் தாங்கினதாம்."

"இப்ப எப்பிடி?"

"டொக்டர் தந்த குளிசையை விழுங்கித் தேறீட்டாள். ஆனா உப்புப் போட முந்தி இண்டைக்கும் என்ரை முகத்தைப் பாக்கிறாள்."