பிரேக்குக்குள் தேங்காயெண்ணெய்

யுத்த காலத்து மார்கழி விடியல். ராசிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்குக் கிளம்பிய முதல் பஸ், புதுச்சத்திரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் டிரைவர். அவர் பக்கத்தில் கம்பளி போர்த்திய பஸ் முதலாளி.

"ஏனுங்க, நேத்து பிரேக்குக்கு என்ன எண்ணெய்ங்க ஊத்துனீங்க?" என்று கேட்டார் டிரைவர்.

"தேங்காயெண்ணெய். பிரேக் எண்ணெய்தான் எங்கயுமே கெடைக்கறதில்லையே."

"கெடைக்காட்டி வெளக்கெண்ணெயில்லீங்களா ஊத்தச் சொன்னாங்க, ஒர்க்ஷாப்புல?"

"அது பிசுபிசுன்னு கெடக்குதப்பா. இது நம்ம தோப்புக் காயி, நம்ம செக்குல ஆட்டுனது. என்ர பொண்ணு தலைக்கு வெக்கறது. இதுல என்ன கொறை?"

"பனிக்கு ஒறஞ்சு போச்சுங்க. மிதிச்சா கல்லாட்டம் இருக்குது."

"கை பிரேக்கு?"

"அது அந்து போனதப் போன வாரமே சொன்னனுங்க."

முதலாளி கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு யோசித்தார்.

"ஊட்டுல ஒறஞ்சா கிண்ணத்த வெயில்ல வெப்பாங்க. வெயில் வந்ததும் வண்டிய ஓரமாச் செத்த நேரம் நிறுத்து. தானா உருகிரும்."

"நிறுத்தோணும்னுதானுங்க நானும் பாக்கறேன்," என்றார் டிரைவர்.

புதுச்சத்திரத்தில் கைகாட்டி நின்றவர்களைத் தாண்டி பஸ் போய்க்கொண்டே இருந்தது.