அக்கா வேணும்னே செத்தாங்க

சிதம்பரம் பஸ்ஸில், சிப்காட்டில் ஏறிய இருவர் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“நேத்தும் அக்கா வேணும்னே செத்தாங்க மச்சான்,” என்றான் ஜன்னலோரம் இருந்தவன்.

பக்கத்து சீட்டு அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார்.

“செல்போன் கேம்லம்மா,” என்று சிரித்தான் மற்றவன்.

“நம்ம குரூப்புக்குப் புதுசா யார் வந்தாலும், மொத ஆட்டத்துல ஜெயிக்க வுட்டு அக்கா சாவுறாங்க. அதனாலதான் எல்லாரும் குரூப்புல நிக்கிறோம்,” என்றான் ஜன்னலோரம் இருந்தவன்.

“என்னையுமா? என் தெறமைன்னுல்ல நெனச்சேன்!”

“ஒருத்தனும் தேங்க்ஸ் சொன்னதில்ல. இப்ப அக்கா, முடியல, குரூப்ப வுட்டுப் போறேங்கறாங்க.”

“அட்மின் ஆக்கிடலாமா?”

“வேலைதான் ஜாஸ்தியாவும். அக்கா ரெஸ்ட் எடுக்கட்டும். இன்னிக்கு நான் சாவுறேன்.”

“நம்புற மாதிரி சாவத் தெரியுமாடா உனக்கு?”

“அக்கா மாதிரி வராது. பழகிக்கிறேன்.”