உதிரிக்குக் கொடுத்த வண்டி

பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் முதலில் பெயிண்டைத்தான் பார்க்கிறார்கள், மேடம். புதிதாக ஓட்டிப் பழகப் போகிறவர்கள் இன்னும் மோசம். பளபளவென்று இருந்தால் போதும், அங்கேயே விழுந்துவிடுவார்கள். நான் அவர்களிடம் சொல்வேன்: "முதல் வண்டிய எப்படியும் கீழ போடத்தான் போறீங்க. பளபளப்புக்கு ஏன் காசு குடுக்கறீங்க? பிரேக்குக்குக் குடுங்க, டயருக்குக் குடுங்க, நேரா இருக்கற சாஸிக்குக் குடுங்க."

என் தொழிலே இதுதான். நான் வண்டி வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் நின்று விலை சொல்கிறேன். போனதும் எஞ்சினில் கை வைப்பேன். சூடாக இருந்தால் ஆறட்டும் என்று டீ குடிக்கப் போய்விடுவேன். ஆறின எஞ்சினை உதைத்தால்தான் அதன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியும். மீட்டர் குறைவாகக் காட்டும், கால் வைக்கிற ரப்பர் மட்டும் மொழுக்கென்று தேய்ந்திருக்கும். அப்படியென்றால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். பழைய வண்டி விற்கிற தெருவில் எனக்குத் தராசு என்று பெயர். நான் சொன்ன விலைக்கு மேல் அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை.

என் தங்கை இறந்ததற்கு அவளுடைய வண்டியை விற்ற ஓவிய வாத்தியார்தான் காரணம் என்று புகார் எழுதி, கையெழுத்துக்கு என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவரே வந்து ஒப்புக்கொண்டதாகவும் சொல்கிறீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் கொஞ்சம் பேச வேண்டும். சுற்றி வளைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். எனக்கு வண்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் பேச வரும்.

அம்மா போனபோது தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். அவளுக்கு இரட்டைப் பின்னல் போட நானேதான் கற்றுக்கொண்டேன். முடியெல்லாம் கிரீஸ் நாற்றம் அடிக்கிறது என்று முணுமுணுப்பாள், ஆனால் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருப்பாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கைக்காக வாழ்க்கையையே விட்டுக்கொடுத்துவிட்டான் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வீட்டுக்கு இன்னொரு ஆள் தேவை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். வருகிறவர்களை நான் வண்டி பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். ஒருவருக்குக் கை நடுங்கியது. இன்னொருவர் வீட்டில் தேவைக்கு மேல் சிரித்தார்கள். கண்ணாடிக் கடையில் அவளோடு வேலை பார்த்த ஒருவன் வந்தான். அவனிடம் குறை ஒன்றும் அகப்படவில்லை. அவளுக்கும் அவன்மேல் விருப்பம் இருந்தது. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "சின்ன வயசுலேருந்து அவளுக்கு வலிப்பு உண்டு தம்பி, உங்ககிட்ட மறைக்க மனசு வரல" என்றேன். அவளுக்கு வலிப்பெல்லாம் கிடையாது. அவன் கொஞ்ச நாளில் வேறு கடைக்கு மாறிப் போனான். ஏன் பேச்சை நிறுத்தினான் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் சாப்பிட்டாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் கோபக்காரன் இல்லை என்று உங்களுக்குப் புரிய வேண்டும். அவளை நான் ஒரு அடி அடித்ததில்லை. அதட்டியதுகூட இல்லை.

பிறகு அணைக்கட்டுப் பக்கத்தில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. அந்தப் பக்கம் பஸ் சரியாகக் கிடையாது. ஒருநாள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, எனக்கு ஒரு வண்டி பாத்துக் குடு. பழசு போதும். நீ பாத்தா தப்பாப் போகாது."

"ஸ்கூட்டர் போதாதா?"

"மேட்டுல ஏறணும்ணா. கியர் வண்டிதான் சரிப்படும்னு அங்க எல்லாரும் சொல்றாங்க. கொஞ்ச காலம்தான். வேலை நிரந்தரமாயிட்டா அங்கயே குவாட்டர்ஸ் குடுத்துடுவாங்க. அப்புறம் தினம் அலைய வேண்டாம்."

"அப்ப நானும் வந்துடட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவளும் சிரித்தாள். "அது ஒரு ஆளுக்குத்தாண்ணா. லீவுக்கு நான் வருவேன்ல."

தட்டைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் குழாயடியிலேயே நின்றிருந்தேன். குழாயை அவள் சரியாக மூடியிருக்கவில்லை.

ஓவிய வாத்தியாரின் வண்டியைப் பற்றிச் சந்தையில் சொன்னார்கள். பார்க்கப் போனேன். வாசலில் வெயிலும் மழையும் படாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தார். சின்ன வண்டி, எடையும் குறைவு, சீட்டும் உயரமில்லை. பழகுகிறவர்களுக்கென்றே செய்தது போலிருந்தது. டயர் நல்லது. எஞ்சின் ஒரே உதையில் எழுந்தது. இப்படிப்பட்ட வண்டிக்கு அவர் கேட்ட விலை பாதிகூட இல்லை. நான் கேட்பதற்கு முன்னால் அவரே காரணத்தைச் சொன்னார்.

"ஹேண்டில் வந்து சேர்ற எடத்துல பாருங்க, சாஸி கழுத்துல. பள்ளத்துல விட்டப்ப விரிசல் விழுந்துடுச்சு. வெல்டிங்ல பத்த வெச்சு மேல பெயிண்ட் அடிச்சிருக்கேன். நான் இப்ப ஓட்டறதில்ல. யாருக்கும் ஓட்டறதுக்குக் குடுக்கவும் மனசு வரல. பிரிச்சு உதிரிக்குன்னா எடுத்துக்கோங்க."

"உதிரிக்குத்தான் சார்" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் துணியையும் மடித்துக் கையில் கொடுத்தார்.

அவர் சொன்னது இதுதான், மேடம். வார்த்தைக்கு வார்த்தை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தங்கை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கண்ணாடியில் முகம் பார்த்தாள். விலையைச் சொன்னதும் நம்பவில்லை.

"ஏண்ணா இவ்ளோ கம்மி?"

"அவருக்கு அவசரம்."

விலையில் நான் அவளை ஏமாற்றவில்லை. கழுத்தில் பற்றவைத்த வண்டிக்கு என்ன விலையோ அதைத்தான் அவள் கொடுத்தாள். அந்த விரிசல் விலைக்குள்ளேயே இருந்தது. வேறு யாராவது என்னை நடுவில் வைத்து அந்த வண்டியை வாங்கியிருந்தாலும் அதே விலையைத்தான் சொல்லியிருப்பேன்.

நான் நினைத்தது ரொம்பச் சின்ன விஷயம். பழகுகிற ஆள் தெருமுனைக்குள்தான் ஓட்டுவாள். ஹேண்டில் ஒரு பக்கமாக இழுக்கும், வண்டி ஆடும், விழுவாள். முட்டி சிராய்க்கும். பயம் வரும். இந்த வேலையும் வேண்டாம், வண்டியும் வேண்டாம் என்று கண்ணாடிக் கடைக்கே திரும்பிவிடுவாள். அதற்கு மேல் நான் எதையும் விரும்பவில்லை.

அப்படியேதான் நடந்தது. பால் கடைத் திருப்பத்தில் விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அவள் சம்பந்தமாக எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த நாட்கள்தான். நான் வண்டித் தெருவுக்குப் போகவில்லை. அவளுக்கு ஊட்டிவிட்டேன். பல வருஷத்துக்குப் பிறகு பின்னல் போட்டுவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தோம். அம்மாவைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் அவள் அடித்த லூட்டியைப் பற்றி. ஒருநாள் சொன்னாள்: "தப்பு என்னோடதுதாண்ணா. நீ எவ்ளோ நல்ல வண்டி பாத்துக் குடுத்த. எனக்குத்தான் திருப்பத் தெரியல."

இல்லை என்று நான் சொல்லவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தேன்.

கட்டைப் பிரித்ததும் வண்டிச் சாவியைக் கேட்டாள். அவளுக்குப் பயம் வரவில்லை. அதைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் தடவை விழுந்ததும் வண்டியை விற்றுவிடுவார்கள். அவள் வேறு மாதிரி. பரிசோதனைக் கூடத்திலும் அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் அவளுக்காக வைத்திருந்தார்கள்.

"ஹேண்டில் கோணிக்கிட்டிருக்கு. சரி பண்ணித் தரேன்" என்றேன். வண்டியைப் பின்கட்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன். ஹேண்டிலை நிமிர்த்தினேன். லீவர் மாற்றினேன். பிரேக்கை இறுக்கினேன். பிறகு கழுத்தில் விளக்கு அடித்துப் பார்த்தேன். பெயிண்ட் வெடித்திருந்தது. பற்றவைத்த இடம் வாய் திறந்திருந்தது. நகத்தை விட்டுப் பார்த்தேன். நகம் உள்ளே போனது.

மேடம், என் வேலை விலை சொல்வது. அந்த நேரத்தில் அந்த வண்டிக்கு என்ன விலை என்று யாராவது கேட்டிருந்தால், எடைக்குப் போடுங்கள் என்று சொல்லியிருப்பேன். தெருவில் சும்மா ஓட்டினால் இன்னும் கொஞ்சம் தாங்கும். மேட்டில் ஏறிவிடும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது தாங்காது. இது எனக்கு உங்கள் முகம் தெரிவதுபோலத் தெரியும். அணைக்கட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற வழி முழுக்க இறக்கம் என்பதும் தெரியும்.

அடுப்படியிலிருந்து அவள் கூப்பிட்டாள். "ஆச்சாண்ணா?"

"ஆச்சு" என்றேன்.

அந்த இடத்தைத் துடைத்தேன். வெடிப்புத் தெரியாமல் மேலே கொஞ்சம் பெயிண்ட் தடவினேன். சாவியை அவள் கையில் கொடுத்தேன். தலைக்கவசத்தின் வாரை நானே மாட்டிவிட்டேன், அவள் மணிக்கட்டு இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

முதல் நாள் வேலைக்குப் போனவள் திரும்பி வரும்போது மூன்றாவது வளைவில் விழுந்தாள். முன் சக்கரம் தனியாகக் கிடந்தது என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். மேற்கொண்டு விவரம் நான் கேட்கவில்லை. அவள் அங்கே குவாட்டர்ஸுக்குப் போயிருந்தாலும் நான் இதே மாதிரி தனியாகத்தான் இருந்திருப்பேன். அப்போது அவள் இல்லாத வீட்டில் நான் அழ, ஊருக்குச் சொல்ல ஒரு காரணமும் இருந்திருக்காது. இப்போது எல்லோரும் வந்து என்னோடு அழுகிறார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு வாத்தியார் வந்தார். வண்டி நம்பரைப் பேப்பரில் பார்த்திருக்கிறார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"உதிரிக்குன்னுதானே சொன்னீங்க?"

"நீங்க எதுவும் சொல்லலையே சார்" என்றேன்.

"கழுத்துல பத்த வெச்சிருக்குன்னு சொன்னேனே."

"நல்ல வண்டின்னுதான் சொன்னீங்க. தெரிஞ்சிருந்தா நான் என் தங்கச்சிக்குக் குடுப்பேனா?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணில் சந்தேகம் வருவது தெரிந்தது, என்மேல் இல்லை, அவர்மேலேயே. சொல்ல நினைத்தோம், ஒருவேளை சொல்லவில்லையோ என்று. சில பேர் அப்படித்தான். தப்பு உன்னுடையது என்று நிதானமாகச் சொன்னால் வாங்கிக்கொள்வார்கள். என் தங்கையும் அந்த ரகம்தான். அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார். இங்கே வந்து ஒப்புக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் வாய் திறக்கிறாய் என்று கேட்பீர்கள். புகாரைப் படித்துக் காட்டும்போது நீங்கள் ஒரு விஷயம் சொன்னீர்கள். வாத்தியாரால் தூங்க முடியவில்லையாம். என் தங்கை அவருடைய கனவில் வருகிறாளாம். தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வீட்டு மரநாற்காலியில் உட்கார்ந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கிறாளாம். பரிதாபம் என்று சொல்லி நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டீர்கள்.

என்னிடம் அவள் வரவில்லை, மேடம். ஒரு தடவைகூட. அவள் படுக்கிற அறையில் படுத்துப் பார்த்தேன். அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டேன். கதவைத் தாழ் போடாமல் விட்டேன். வேலைக்குப் போகிற இடத்தில் ஆறின எஞ்சினை உதைக்கும்போதெல்லாம் ஒரு நொடி காது கொடுக்கிறேன். எஞ்சின் சத்தம்தான் கேட்கிறது. வீட்டில் அவளுடைய சத்தம் ஒன்றுகூட மிச்சமில்லை. கண்ணை மூடினால் முகம் சரியாக வருவதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்கு அவள் வழி கண்டுபிடித்துப் போகிறாள். அந்த நாற்காலியில் உட்காருகிறாள். அவரோடு பேசுகிறாள்.

யாரிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன். வாத்தியார் என்னிடம் சொன்னார். விரிசல் வாய் திறந்ததை என் கண்ணால் பார்த்தேன். இறக்கத்தில் உடையும் என்று தெரிந்துதான் சாவியைக் கொடுத்தேன். அவளைக் கொன்றது நான். இதைத் தெளிவாக எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். வாத்தியாரிடமும் படித்துக் காட்டிவிடுங்கள், அவர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

இனி அவள் அங்கே போக வேண்டியதில்லை. அண்ணன்தான் என்று தெரிந்துவிட்டால், என்னிடம் வந்துவிடுவாள்.