படிக்கட்டு வெளியே, குடும்பங்கள் உள்ளே

நான் வாய் திறக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்த்துவிட்ட நகர்மன்றத் தலைவர் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் முதியோர்களே! சாவி வாங்கக் காலையிலேயே வந்து காத்திருக்கும் தாய்மார்களே! என் பணிவான வணக்கம்.

இந்தக் கட்டிடத்தை வரைந்தவன் நான். முதலில் தவறாக வரைந்தவனும் நானேதான்!

எப்படிப்பட்ட இடம் இது? இடப்பக்கம் வங்கிச் சுவர், வலப்பக்கம் பேருந்துப் பணிமனை, எதிரே கடைவீதி, பின்னே ஒடுங்கிய காலி இடம். நடுவே நாற்பதடி அகலம்! வீடு கேட்டுக் காத்திருந்தவையோ இருபத்து நான்கு குடும்பங்கள். ஆறு தளம், தளத்துக்கு மூன்று வீடு, பதினெட்டுக்கு மேல் முடியாது என்று அடித்துச் சொன்னேன். மீதி ஆறு குடும்பம்? ஊருக்கு வெளியே, பேருந்தே எட்டிப்பார்க்காத பொட்டலுக்கு!

ஒரு விடுமுறை நாளில் பணிமனைத் தரையில் ஒரு தளத்தை முழு அளவில் சுண்ணாம்புக் கோடாக வரைந்து, எல்லோரையும் நடந்து பார்க்கச் சொன்னேன். பாராட்டு வரும் என்று பார்த்தேன். வந்தவர் யார்? அந்த ஆறு குடும்பத்தில் ஒருவரான தையல்கார அக்கா, கையில் அளவு நாடாவோடு! கடைவீதியை விட்டால் அவருக்குத் தைக்கத் துணி கிடையாது.

"தம்பி, கட்டில் போட்டிருக்கீங்க, அடுப்பு போட்டிருக்கீங்க. தையல் மிஷின் எங்க?"

கோடுகளுக்குள் தேடினேன்; மிஷினுக்கு இடமே விடவில்லை.

"சரி, இந்த ரெண்டு பெரிய கட்டம் யாரு வீடு?"

"அது படிக்கட்டு, அக்கா."

"நல்லா இருக்கே! படிக்கட்டு உள்ள குடியிருக்கும், நாங்க ஊருக்கு வெளிய குடியிருக்கணுமா?"

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! அன்று பணிமனையே சிரித்தது. நான் மட்டும் குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இடம் பத்தலையேக்கா" என்றேன்.

"துணி பத்தலன்னா ஆளையா வெட்டுவோம்? துணியைத் திருப்பிப் போட்டு வெட்டுவோம்!"

வெட்கமாக இருந்தது, ஐயா! படித்தவன் நான், பார்த்தவர் அவர். அங்கேயே கோட்டை அழித்தேன். இரண்டு படிக்கட்டையும் கட்டிடத்தின் பின்புறம் வெளியே தள்ளினேன். நீள வராந்தாவால் இணைத்தேன். தளத்துக்கு ஒரு வீடு முளைத்தது! ஆறு தளத்துக்கு ஆறு வீடு! தீயணைப்புத் துறை ஒப்புக்கொண்டது, பொறியாளர் ஒப்புக்கொண்டார், மன்றம் ஒப்புக்கொண்டது. இடமில்லை என்று இனி யாராவது சொன்னால், என்ன கேட்பீர்கள்? "எதை உள்ளே வைத்திருக்கிறாய்?" என்று கேளுங்கள்!

அக்கா, மேடைக்கு வாருங்கள். இருபத்து நான்காவது சாவி உங்களுடையது. உங்கள் வீட்டுப் படத்தில் இப்போது மிஷின் இருக்கிறது. ஜன்னலோரம், கடைவீதி பார்த்தபடி.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பொறுக்காமல் கேட்ட அக்காவுக்கும் நன்றி சொல்லி, கதவு திறக்க வழிவிடுகிறேன். வணக்கம்!