துளை அடைத்த காசு

"கையுறை மாட்டிக்கிட்டுத் தொடுறீங்களே, இதுக்கென்ன சொறி சிரங்கா?" என்று மிஸ் ஐவலின் என்னைக் கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அடிமை ஒழிப்புக் காலத்துச் செம்புக்காசுகளைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். பிரிஸ்டலில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. செம்புக்கு வியர்வை ஆகாது என்று சொன்னேன்.

"எங்க குடும்பத்துப் பொம்பளைங்க வியர்வையை எல்லாம் குடிச்ச காசு, கண்ணு. இன்னும் சாகல."

அவர் ஜமைக்காக்காரர். ஆஸ்பத்திரியில் தரை துடைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய சபைக் கூடத்தில் இந்தக் காசுகளைப் பற்றி நான் பேசியதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்திருந்தார். பிஸ்கட் டப்பாவில் பொத்தான்களுக்கு நடுவே அது கிடந்தது. ஒரு பக்கம் விலங்கோடு மண்டியிட்டவன். மறுபக்கம் பற்றிக்கொண்ட இரண்டு கைகள். மேலே ஆணியால் அடித்த துளை.

கரும்புத் தோட்டத்தில் அடிமையாக இருந்த க்வாஷெபா என்ற மூதாதைப் பாட்டிக்கு, விடுதலை நாளன்று ஒரு பாதிரியார் கொடுத்ததாம். துளை போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டவள் அவள்தான். அதன்பின் வீட்டின் மூத்த பெண் ஒவ்வொருத்தியும் ஞானஸ்நானத்தன்று அதை அணிவாள். அடுத்த மாதம் பேத்தியின் முறை.

"என் மருமகன் இதை பாட்டில் மூடிங்கிறான். உண்மையான காசுதான்னு நீங்க சபையில வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. அவன் வாய் அடைஞ்சிடும்."

எங்களைப் போன்றவர்கள் முதலில் விளிம்பைத்தான் பார்ப்போம். திருப்பினேன். விளிம்பில் ஓடிய வாசகத்தை நான் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன். அப்படி ஒரு காசு எந்தச் சேகரிப்பிலும் இல்லை. பக்கத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

"பல் முளைக்கிற பிள்ளைங்க கடிச்சது. நானும் கடிச்சிருப்பேன்" என்றார்.

இந்தக் காசைப் பற்றி நீங்கள் விசாரிக்க வந்திருப்பதால் என் தரப்பைச் சொல்கிறேன். எங்கள் கண்ணுக்குத் துளை என்பது காயம். அந்தக் காயத்தோடு அதைப் பொத்தான்களோடு உரச விடுகிறார்கள். குழந்தைகள் மெல்லுகிறார்கள். அடுத்ததாக ஒரு சிறுமி அதைத் தண்ணீரில் முக்கப் போகிறாள். நான் அந்தக் காசின் நலத்தை மட்டும் நினைத்தேன்.

"மன்னிச்சுக்குங்க, மிஸ் ஐவலின். இது பழசு இல்ல. சுற்றுலா வர்றவங்களுக்காகப் பின்னாடி வார்த்து வித்தது" என்றேன். கையுறையைக் கழற்றிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் கையை விடுவித்துக்கொண்டார். "அப்போ க்வாஷெபா?"

"அதுவும் யாரோ கட்டிவிட்ட கதையா இருக்கும்."

எனக்கு இன்னொரு துண்டு இஞ்சிக் கேக் வெட்டிவைத்தார். பிறகு சொன்னார்: "குப்பையில போட எனக்குக் கை வராது. போற வழியில நீங்களே போட்டுடுங்க, கண்ணு."

நான் திருடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வருவதாக வாக்குக் கொடுத்திருந்ததால் ஞானஸ்நானத்துக்குப் போனேன். பேத்தியின் கழுத்து வெறுமையாக இருந்தது. அந்தச் சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். மிஸ் ஐவலின் எழுந்தார்.

"வருஷா வருஷம் இங்க நின்னு எங்க பாட்டி கதையைச் சொல்லியிருக்கேன். அது பொய்யின்னு எனக்குத் தெரியாது. ஆண்டவர் வீட்ல பொய் சொல்லிட்டேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

மருமகன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்கள் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். சும்மா இருந்தால் மரியாதையாக இருக்காது.

பர்மிங்காமில் துளை அடைக்கிற ஒருவர் இருக்கிறார். அதே காலத்துச் செம்பு வேண்டும் என்றார். என்னிடம் இருந்த சாதாரணக் காசு ஒன்றை உருக்கக் கொடுத்தேன். பல் தடங்களையும் தேய்த்துவிடவா என்று கேட்டார். விளிம்பு எழுத்து போய்விடுமே என்று வேண்டாமென்றேன்.

நகரமன்றத்துக் கண்காட்சியில் அதற்குத் தனிப் பெட்டி கொடுத்தார்கள். 'ஓர் ஆங்கிலக் குடும்பத்திடமிருந்து பெறப்பட்டது' என்று நானே எழுதிவைத்தேன். க்வாஷெபா என்று எழுதினால் துளை எங்கே என்று கேட்பார்கள்.

ஒரு சனிக்கிழமை சபைப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். மிஸ் ஐவலின் தொப்பியும் கைப்பையுமாக ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து வந்து, அதன் முன்னால் நின்றார். குனிந்தார். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி மறுபக்கம் போய் மறுபடியும் குனிந்தார். விளிம்பிலிருந்த பள்ளங்களை அவர் கண்டுகொண்டார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் ஒளிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். வேலையின் சுத்தத்தை அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"பாருங்க, மிஸ் ஐவலின். துளை இருந்த இடமே தெரியல. இப்பதான் அது முழுசா இருக்கு."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கூட வந்த பெண்கள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல், வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தார். அவர்கள் வீட்டில் இருந்திருந்தால் அழிந்தே போயிருக்கும் ஒன்றைக் காப்பாற்றிக் கொடுத்தவள் நான். ஒரு வார்த்தை நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டார்.