உப்பளத்துக்குப் போன பூட்ஸ்

"மதினி, உங்க தம்பிகிட்ட அந்த பூட்ஸுக்கு இருக்குற மரியாதை எனக்கு இல்ல."

வாலிநோக்கம் போகும் காலை பஸ்ஸில், என் முன் சீட்டில் உப்பள வேலைக்குப் போகும் ரெண்டு பேர். சொன்னவள் சின்னவள், கேட்டது அவள் புருஷனின் அக்கா.

"வாச்மேன் வேலை பாக்குறவன் பூட்ஸ சுத்தமா வச்சுக்க வேணாமாடி?"

"சுத்தமா? சாயங்காலமானா மடியில தூக்கி வச்சுக்கிட்டு அடிப்பக்கத்து மண்ண குச்சிவச்சு நோண்டுறாரு. ஓரம் வெடிச்சிருமாம், சுத்திச் சுத்தி மெழுகு தேய்க்கிறாரு."

"நல்ல பழக்கந்தான?"

"உப்புத்தண்ணியில நின்னு நின்னு என் குதிகாலு வெடிச்சு ரத்தம் கசியுது. கொஞ்சம் மெழுகு குடுங்கன்னேன். வெலை கூடுன சாமான், வீணாக்காதங்குறாரு."

"கூறுகெட்ட பய. இன்னைக்கு வேலைக்குப் போயிட்டானா?"

"எங்கிட்டுப் போக? பூட்ஸத் தேடிக்கிட்டு கெடப்பாரு."

உப்பளம் வந்தது. இருவரும் எழுந்தார்கள். சின்னவளின் சேலைக்குக் கீழே, ஓரமெல்லாம் மெழுகு மின்ன, ரெண்டு பெரிய பூட்ஸ் தடதடவென்று படியிறங்கின.

"அடிப்பாவி! உப்புத்தண்ணி பட்டா தையலெல்லாம் பிரிஞ்சிருமேடி!"

"பிரியட்டும் மதினி. உக்காந்து தேய்க்கத்தான் வீட்டுல ஆளு இருக்காருல்ல."